சண்டை போடாத அக்கா

ஆஸ்பத்திரி அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சஞ்சய் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டுகிறான், மருதாணி வைத்துக் கழுவிய மாதிரி சிவந்து கிடக்கின்றன, ஒன்பது வயதுப் பையனுக்கு எதற்கு மருதாணி, இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அக்கா ரூபிணி பார்த்தும் பார்க்காதவளாக இருக்கிறாள், அந்தச் சிவப்பு யார் வேலை என்று அவளுக்குத் தெரியும். டாக்டரம்மா போன வாரம் அப்பாவிடம் சொன்னார், அக்கா குடுத்த மஜ்ஜை செல்லுங்க தம்பி உடம்போட கொஞ்சம் சண்டை போடுது சார், அதான் கை சிவக்குது, மருந்து ஆரம்பிச்சிருக்கோம், அடங்கிடும், அப்பா தலையாட்டினார், எலும்பு மஜ்ஜை ஏற்றிய நாளிலிருந்து எதற்கும் ஆடுகிற தலை அது, பின்னால் நின்ற ரூபிணிக்குத்தான் சண்டை என்ற அந்த ஒரு சொல் காதில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது.

சண்டைக்கு என்ன பஞ்சம், திண்டுக்கல் வீட்டில் அது இல்லாமல் ஒருநாள் விடிந்ததுண்டா, மின்விசிறிக்கு நேர் கீழே யார் படுப்பது, கடைசி அப்பளம் யாருக்கு, அவன் கிள்ளுவான், அவள் குட்டுவாள், அம்மா பாரபட்சமே இல்லாமல் இரண்டு முதுகிலும் ஒன்று வைப்பாள், தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் ரெக்கார்டு நோட்டில் வரைந்த தவளைக்கு அவன் மீசை போட்டுவிட்டான், நீயெல்லாம் பொறக்காமலே இருந்திருக்கலாம்டா என்று கத்தினாள், அவன் பழிப்புக் காட்டிவிட்டு ஓடுகிறான், ஓடுகிற காலில் நீலமாய் ஒரு கன்றல், யாரும் கவனிக்கவில்லை, அப்புறம் காய்ச்சல், ரத்தப் புற்றுநோய் என்றார்கள், சென்னைக்குக் கூட்டிவந்தார்கள், உனக்கும் அவனுக்கும் அப்படியே பொருந்துதும்மா என்று சிரித்தார்கள், அவளைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்துப் பையில் நிரப்பி அவனுக்கு ஏற்றினார்கள், தங்கமே, தம்பியக் காப்பாத்திட்டடி என்று கன்னம் வழித்த ஒருவரும் அவளிடம் பயமா இருக்கா என்று கேட்கவில்லை. அந்த எலும்புக்குள் அவள் கத்திய கத்தலும் இருந்திருக்கும், பையோடு அவனுக்குள் போயிருக்கும், உள்ளே உட்கார்ந்து கிள்ளிக்கொண்டிருக்கும்.

அதனால் ரூபிணி நல்லவளாகிவிட்டாள். தனக்குக் கோபமே வராமல் இருந்தால் அவனுக்குள் போன கோபமும் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள், பதினாலு வயதுக் கணக்கு, சோறு இரண்டு வாய்க்குமேல் இறங்குவதில்லை, மாலை நாலு மணிக்கு இன்டர்காமில் அவன் என்ன சொன்னாலும் சரிடா செல்லம், ஆமாடா தங்கம், எவ்வளவு பொறுப்பா ஆயிட்டா என்று உள்ளே அவனோடு இருக்கும் அம்மாவுக்குப் பெருமை, நல்லவளாக இருப்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, உட்கார்ந்தபடியே தூங்கிவிடலாம் போலிருக்கிறது.

ஏய் ரூபி, உன் மூஞ்சி பன்னி மாதிரி இருக்கு என்கிறான் இன்று, ஆமாடா செல்லம் என்கிறாள், உன் வாட்ச்சை நான்தான் தண்ணித் தொட்டியில போட்டேன் என்கிறான், பரவாயில்லடா தங்கம் என்கிறாள், அவன் அம்மாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு ரிசீவரை வாயோடு ஒட்டிவைத்துக்கொள்கிறான், ரூபி, எதிர் ரூம்ல ஒரு அண்ணன் இருந்தான்ல, அவனையும் எல்லாரும் இப்படித்தான் செல்லம் செல்லம்னாங்க, அப்புறம் அந்த ரூமைக் கழுவி விட்டுட்டாங்க, நீ ஏன் என்னைத் திட்டவே மாட்டேங்கிற, நான் செத்துருவேனா.

திட்டினால் இன்னும் சிவந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருக்கிறது, திட்டாமல் விட்டால் இவன் இன்றைக்கே செத்துப்போவான் போலிருக்கிறது, ஒன்றும் புரியவில்லை, வாய் தானாகத் திறக்கிறது, போடா மொட்டை. இத்தனை மாதமாக வீட்டில் ஒருவரும் வாயால் சொல்லாத சொல். அவன் வெறும் தலையைத் தடவிப் பார்க்கிறான், சிவந்த கையை அவளை அடிக்க ஓங்குகிறான், பிறகு ரிசீவரைத் தொங்கவிட்டுவிட்டு அம்மாவிடம் ஓடுகிறான், சத்தம் வராவிட்டாலும் வாயசைவில் தெரிகிறது, அம்மா, ரூபி என்னை மொட்டைங்கிறா, அம்மா இந்தப் பக்கம் திரும்பி முறைக்கிறாள், ரூபிணி அழுதுகொண்டே இன்னும் இரண்டு தரம் சொல்கிறாள், மொட்டை, மொட்டை.