அத்தையின் வேணாம்

பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் நின்றபடி வேலை பார்த்துவிட்டு நேரே தம்பி வீட்டுக்கு வந்திருந்தாள் அத்தை. வயிற்றில் எலி ஓடியது. ஆனாலும் தம்பி மனைவி, “சாப்பிடறீங்களா அண்ணி?” என்றதும், பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள்: “வேணாம்மா, இப்பதான் சாப்பிட்டேன்.”

“அம்மா, அத்தைக்குப் பசிக்குது,” என்றாள் தம்பி மகள். “வார்த்தைய மட்டும் கேக்கக்கூடாதாம், முகத்தையும் பாக்கணுமாம். டீச்சர் சொல்லிக்குடுத்தாங்க.”

“சும்மா இருடி!”

“அவள ஏன் அதட்டறே? அந்த டீச்சர்கிட்ட நீயும் படிச்சிருக்கணும்,” என்று மேசையிலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் அத்தை.

வயிறு நிறைந்ததும், “போதும்” என்றாள். சிறுமி அவள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மறுபடி பரிமாற எடுத்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இது நெஜமாவே போதும்மா,” என்று அம்மாவிடம் சொன்னாள்.

முகம் தெரியாத அந்த டீச்சருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டாள் அத்தை.