ராக்னா வரும்வரை

ஊற்றில் தண்ணீர் மொண்டுகொண்டு ராக்னா யாத்ரீகர்கள் தங்கும் மலைக்குடிலுக்குத் திரும்பியபோது வாசல் பலகையில் கணவன் எம்ப்ரிக்கின் பூட்ஸ் இல்லை. நாற்பத்தாறாம் நம்பர் பூட்ஸ், சிவப்பு நாடா போட்டது. இருந்தால் கண்ணில் படாமல் போகாது. ஆணியில் தொங்கிய அவசரக் கயிற்றையும் காணோம். வாளியை வைத்துவிட்டு அவள் உள்ளே ஓடினாள்.

உள்ளே ஹல்வர் மட்டும் உட்கார்ந்து, வறட்டு ரொட்டியில் பழுப்புப் பாலாடைக்கட்டியைச் சீவிச் சீவி அடுக்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தவன், அவர்களைப் போலவே நீதாரோஸ் பேராலயத்துக்கு யாத்திரையாக நடப்பவன். முப்பது வயது இருக்கும்.

"என் வீட்டுக்காரர் எங்க?"

"வெளிய போனாரே. கால் மணி நேரம் இருக்கும்."

"எங்க போறீங்கன்னு கேட்டீங்களா?"

"இல்லையே. கயித்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு போனாரு. பார்த்தா இந்த மலையே அவர் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி இருந்துச்சு. அவரைப் போய் நான் நிறுத்திக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

நன்றாக இருக்காதுதான். அடுத்தவர் காரியத்தில் மூக்கை நுழைக்காமல் இருப்பதைத்தான் இந்த நாட்டில் மரியாதை என்கிறார்கள். அந்த மரியாதையை ராக்னாவும் மூன்று வாரமாகக் கட்டிக் காத்து வந்திருந்தாள். எம்ப்ரிக்குக்கு என்ன நோய் என்று வழியில் அவள் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. இப்போது அந்த மரியாதையைத் தூக்கி அடுப்பில் போடலாம் போலிருந்தது.

வசந்த காலத்தில் மருத்துவர் மறதி நோயின் பெயரைச் சொன்ன அன்றைக்கு, காரில் ஏறி உட்கார்ந்ததும் எம்ப்ரிக்தான் முதலில் வாயைத் திறந்தான். "நீதாரோஸுக்கு நடந்துடலாம், ராக்னா. கூட நடக்கிறது யாருன்னு எனக்குத் தெரியறப்பவே நடந்துடலாம்." தெற்கே போய் யாத்திரைப் பாதையின் தொடக்கத்திலிருந்து நடந்து, இப்போது சொந்த ஊர் மலைக்கு வந்திருந்தார்கள்; இன்னும் பதினோரு நாள் நடை பாக்கி. பேராலயத்து வாசலில் அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அந்தப் பேராலயத்துப் புனித ஊலாவிடம் அவள் வேறெதையும் கேட்கவில்லை. காலில் கொப்புளம் வந்தபோதுகூடக் கேட்கவில்லை.

மேஜையில் குடிலின் பதிவேடு திறந்து கிடந்தது. கிளம்புகிற ஒவ்வொருவரும் பேர், எங்கிருந்து, எங்கே என்று அதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். ஆள் காணாமல் போனால் தேடுகிறவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான். எம்ப்ரிக்கின் எழுத்து கோணிக்கொண்டு போனதிலிருந்து ராக்னாதான் இருவருக்கும் சேர்த்து எழுதி வந்தாள். இன்று காலையில் அவன் "குடு, நான் எழுதறேன்" என்றதும் சந்தோஷமாகப் பேனாவைக் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். ஒருவர் எழுதும்போது தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது அவள் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை.

இப்போது பார்த்தாள். எழுத்து நேராக இருந்தது. பேர்: எம்ப்ரிக், தோர்கில். எங்கே: வெள்ளோடை. காரணம்: தேடுதல்.

தோர்கில் செத்து முப்பத்து மூன்று வருஷம் ஆகிறது.

மலைமீட்புக் குழுவில் எம்ப்ரிக்கும் அவனும் ஜோடி. இதே மலையில், இதே ஆகஸ்ட் மாதத்தில், வெள்ளோடைக்கு மேலே தோர்கிலின் கணுக்கால் பிசகியது. "இங்கயே இரு, ஆளுங்களைக் கூட்டிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு எம்ப்ரிக் இறங்கினான். அவன் திரும்பி ஏறுவதற்குள் பனிமூட்டம் சூழ்ந்துகொண்டது, விட்ட இடம் பிடிபடவில்லை. மூன்றாம் நாள் ஓடைப் பள்ளத்தில்தான் தோர்கிலைக் கண்டெடுத்தார்கள். அதன் பிறகு குழுவில் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் எம்ப்ரிக் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தான். கிடைத்த ஆளைத் தனியாக விடாதே, வேறு ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை நகராதே.

"ஹல்வர், மேட்டுக்கு ஏறுங்க. அங்கதான் போன் எடுக்கும். மீட்புக்காரங்களைக் கூப்பிட்டு, அறுபத்தெட்டு வயசு, மறதி நோய், வெள்ளோடைப் பக்கம்னு சொல்லுங்க." அந்த வார்த்தையை அவள் வெளி ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. "என் பேரு ராக்னா. திரும்பி வர்றப்போ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வாங்க. நான் வந்திருந்தா பதில் குரல் கொடுக்கறேன். கூப்பிடலைன்னா இந்தப் பனிமூட்டத்துல குடிலைத் தாண்டிப் போய்டுவீங்க."

"கேட்டிருக்கணும் நான்" என்றான் ஹல்வர். ரொட்டி கையிலேயே இருந்தது.

"கேட்டிருக்கணும்" என்றாள் ராக்னா. அவள் ஆறுதல் சொல்லும் நிலையில் இல்லை.

வெளியே பனிமூட்டத்தில் பத்து அடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. சிலுவைக் குறி போட்ட வழிக்கல் ஒன்று வந்தது, இன்னொன்று வந்தது, மூன்றாவதில் அவள் யாத்திரைப் பாதையை விட்டு இடப்பக்கம் இறங்கினாள். வெள்ளோடைக்குப் போக அதுதான் வழி, அதில் குறிக்கல் கிடையாது. சதுப்பில் கால் முழங்கால்வரை போய்ப் போய் வந்தது. "எம்ப்ரிக்" என்று கத்தினாள். குரல் பத்து அடி போய் நின்றுகொண்டது.

எதிரே ஒரு பாறை மூச்சு விட்டது.

கஸ்தூரி எருது, இந்த மலையில் திரியும் சடைமயிர்க் காட்டு மிருகம். நெற்றியில் கொம்பு படிந்த தலையைத் தாழ்த்தியபடி, ஒரு கார் அளவுக்கு நின்றிருந்தது. இருநூறு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று பலகைக்குப் பலகை எழுதி வைத்திருக்கிறார்கள்; பனிக்கு யார் எழுதி வைப்பது? ராக்னா முகத்தைத் திருப்பாமல் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்தாள். அது துரத்தவில்லை, விலகவுமில்லை. எம்ப்ரிக்கும் இந்த வழியாகத்தானே போயிருப்பான் என்ற நினைப்பு வந்தது. சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஓடையின் இரைச்சல் முதலில் கேட்டது. அப்புறம் அந்தக் குரல்.

"யாரது? அசையாதீங்க. நின்ன இடத்துலயே நில்லுங்க, நான் வரேன்."

பள்ளத்தின் விளிம்பிலிருந்து நான்கு எட்டில் எம்ப்ரிக் நின்றிருந்தான். ஒரு வருஷமாக அவன் முகத்தில் இருந்த திகைப்பைக் காணோம். நிமிர்ந்த தோள், தெளிந்த கண். அவள் கல்யாணம் செய்துகொண்ட ஆள் அப்படியே வந்தான்.

"அடி பட்டிருக்கா? விரலை அசைங்க பார்ப்போம்."

நாற்பத்தோரு வருஷத்தில், கோபத்தில்கூட, அவன் அவளை 'நீங்க' என்றதில்லை.

"எம்ப்ரிக், நான்தான். ராக்னா."

அவன் இதமாகச் சிரித்தான். "ராக்னா என் பொண்டாட்டிம்மா. குளிர்ல ரொம்ப நேரம் கிடந்தா இப்படித்தான், காதுல விழுந்த பேரெல்லாம் நம்ம பேரு மாதிரி இருக்கும். சூடா காபி உள்ள போனா சரியாயிடும்."

பேர் ஞாபகம் இருந்தது. யோசிக்காமல், தடுமாறாமல் சொன்னான். எதற்காக முன்னூறு மைல் நடந்து வந்தாளோ அது கிடைத்துவிட்டது, ஆனால் அவளுக்கு இல்லை. ராக்னாவுக்கு அழுகைகூட வரவில்லை, அவ்வளவு ஆத்திரம் வந்தது. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. விளிம்பு நான்கு எட்டில் இருந்ததால் உலுக்கவில்லை.

அவன் திரும்பி ஓடையைப் பார்த்தான். "கீழ என் கூட்டாளி காத்துக்கிட்டிருக்கான்."

"எனக்குக் குளிருது" என்றாள். "வழி தெரியலை. என்னைக் குடில்ல கொண்டுபோய் விடுங்க."

அவன் ஓடையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பழைய பாடம் ஜெயித்தது. "சரி. முதல்ல நீங்க" என்று கயிற்றை அவள் இடுப்பில் முடிந்தான். காலையில் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத விரல்கள் அந்த முடிச்சை ஒரே இழுப்பில் போட்டன.

பாதி வழியில் நின்று, ஒரு சதுப்பு மூலையில் குனிந்து, கை நிறையப் பழம் பறித்து நீட்டினான். ஆரஞ்சு நிற மல்ட்டே, நன்றாகக் கனிந்தது. "சாப்பிடுங்க, தெம்பு வரும். இந்த இடத்தை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. என் பொண்டாட்டிக்கே சொன்னதில்லை."

இந்த ஊரில் மனுஷன் சொத்து விவரத்தைச் சொல்வான், வியாதியைக்கூட ஒரு நாள் சொல்லிவிடுவான், மல்ட்டே பறிக்கும் இடத்தைச் சொல்ல மாட்டான். வருஷா வருஷம் ஒரு வாளிப் பழத்தோடு வந்து நின்று, எங்கே என்று கேட்டால் மேற்கே கை காட்டுவான் எம்ப்ரிக். இது கிழக்கு.

"ஏன் சொல்லலை?"

"அவ தங்கச்சிக்கு ஊதிடுவா."

உண்மைதான், ஊதியிருப்பாள். ராக்னாவுக்குச் சிரிப்பு வந்தது. பழத்தை விழுங்க மனமில்லாமல் கன்னத்தில் அடக்கியபடி நடந்தாள்.

குடிலுக்கு ஹல்வர் இன்னும் வந்திருக்கவில்லை. எம்ப்ரிக் அவளைக் கம்பளியில் சுற்றி உட்கார வைத்து, காபியில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தான். பிறகு பதிவேட்டை இழுத்து எழுதினான். தலைகீழாக இருந்தும் அவளால் படிக்க முடிந்தது. ஒருவர் கிடைத்தார். பெண், அறுபதுக்கு மேல். காயமில்லை. பெயர் கேட்டால் ராக்னா என்கிறார். குழப்பம்.

எழுதி முடித்துக் கயிற்றைச் சுருட்டினான். கண் ஜன்னலுக்குப் போய்ப் போய் வந்தது.

அவள் கம்பளிக்குள் கல்யாண மோதிரத்தைப் பிடித்துத் திருகினாள். உள்பக்கம் 'உன் எம்ப்ரிக்' என்று செதுக்கியிருக்கும், அவன் விரலில் இருப்பதில் அவள் பேர். இரண்டையும் கழற்றி மேஜையில் வைத்தால் போதும். பேச்சைத்தான் குழப்பம் என்பான், செதுக்கிய எழுத்தை என்ன சொல்வான்? மோதிரம் மூட்டுவரை வந்துவிட்டது.

"என் பொண்டாட்டி இப்ப வந்துடுவா" என்றான் எம்ப்ரிக். "கெட்டிக்காரி. உங்களை அவகிட்ட ஒப்படைச்சிட்டா நான் கிளம்பிடலாம். தோர்கிலை ரொம்ப நேரம் காக்க வச்சிட்டேன்."

ராக்னாவின் விரல் நின்றது. மெதுவாக மோதிரத்தைப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.

"அவங்க வர நேரமாகும்" என்றாள்.

"எவ்வளவு நேரம்?"

"தெரியலைங்க. பனி அதிகமா இருக்கு. அதுவரைக்கும் என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதீங்க."

"அது எப்படிப் போவேன்?" என்றான் கொஞ்சம் கோபமாகவே. கதவோரத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான். மடியில் கயிறு. பூட்ஸைக் கழற்றவில்லை. ராக்னா காபியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். மீட்புக்காரர்கள் வரும்வரை ராக்னா மட்டும் வராமல் இருந்தால் போதும்.

அப்போதுதான் மேட்டுப் பக்கமிருந்து பனிக்குள் ஹல்வரின் குரல் வந்தது. சொன்னது சொன்னபடி செய்கிறவன்.

"ராக்னா... ராக்னா..."

அவள் வாயைத் திறக்கவில்லை. குரல் குடிலைத் தாண்டிப் போய், தடுமாறி, மறுபடி கிட்டே வந்தது. எம்ப்ரிக் தலையைத் தூக்கினான். முகமெல்லாம் மலர்ந்தது.

"கேட்டீங்களா, யாரோ அவளைக் கூப்பிடறாங்க. வந்துட்டா" என்று கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.