பன்னிரண்டாம் அத்தியாயத்துக் கிழவன்

தொடர்கதைக்காரர் இருபது வருடத்தில் பதினெட்டு மாயாஜாலக் கதை எழுதி, பதினெட்டுக் கிழ மந்திரவாதிகளைக் கொன்றிருந்தார். பதினேழு பேர் பன்னிரண்டாம் அத்தியாயத்தில், இளவரசன் மடியில், ரகசியத்தில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியோடு போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் மட்டும் பதிமூன்றாவதுவரை தாக்குப்பிடித்தார். அதற்கு வாசகர்கள் இரண்டு மூட்டை வசைக் கடிதம் அனுப்பினார்கள்.

பத்தொன்பதாவது கதை ஓடும்போது அவருடைய அண்ணன் வயிற்றுக் கட்டியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆபரேஷன் செய்தால் பிழைப்பார் என்றார் டாக்டர். அண்ணன் கையெழுத்துப் போட மறுத்தார்.

“உன் கதையில ஒரு கிழவனாவது பிழைச்சிருக்கானா? நான் மட்டும் எதுக்குடா கத்திக்கு வயித்தைக் காட்டணும்?”

“அது கதைண்ணே.”

“சரி, இந்தத் தடவை கிழவனை விட்டுவை. அவன் எழுந்து நடந்தா நானும் கையெழுத்துப் போடறேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அண்ணன் விளையாட்டாகச் சொன்ன எதிலிருந்தும் பின்வாங்கியதில்லை. அவருக்குக் கல்யாணம் நடந்ததே அப்படித்தான்.

தம்பி எழுதினார். அம்பு பாய்கிறது. கிழவன் சாய்கிறான், ரகசியம் முழுவதையும் சொல்கிறான், தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு எழுந்து நடக்கிறான். ஆறு பக்கம். அச்சகத்துக்கு அனுப்பினார்.

பல வருடமாக அந்த அத்தியாயத்துக்கு அவர் கிழவனின் பெயரை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவதுதான் வழக்கம். அச்சுக் கோப்பவர் சாவுப் பக்கத்தை ஈய எழுத்தில் கோத்து, கயிறு கட்டி அலமாரியிலேயே வைத்திருந்தார்; பெயரை மாற்றினால் வேலை முடிந்தது. இப்போதும் தாளின் தலையில் பன்னிரண்டு என்று பார்த்தார், பெயரைப் பார்த்தார், மற்றதை டீ கிளாசுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை தம்பி வார்டுக்குள் நுழைந்தபோது அண்ணன் மடியில் பத்திரிகை விரிந்து கிடந்தது.

“செத்துட்டான்டா.”

தம்பி வாங்கிப் பார்த்தார். “நான் பிழைக்க வச்சுத்தான் எழுதினேன்ணே. பிரஸ்ல பழசைப் போட்டுட்டாங்க.”

“எழுதியிருப்பே. பெத்தவன் உன்னாலயே காப்பாத்த முடியல, டாக்டர் பாவம் என்ன பண்ணுவார்?”

தம்பி ஆஸ்பத்திரித் தாளையும் பேனாவையும் நீட்டினார். அண்ணன் பேனாவை மட்டும் வாங்கிக்கொண்டு, பத்திரிகையை மறுபடி மடியில் விரித்தார். இரண்டாவது பத்தியில் ஓரிடத்தில் போன கதைக் கிழவனின் பெயர் மாற்றப்படாமல் நின்றிருந்தது. அதை அடித்துவிட்டு, இந்தக் கிழவனின் பெயரைப் பொறுமையாக எழுதினார். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.