ஒரு வண்டி அகல நிலம்

இடது கன்னத்தைச் சிரைத்துவிட்டுக் கத்தியைத் துடைக்கும்போதுதான் ஸெலிக்கு உறைத்தது, வேலை எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று. நேற்றுவரை ஒதிலோன் ஒவ்வொரு இழுப்புக்கும் இருமுவான். அவள் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வெர்தூன் போர்முனையில் அவன் மூச்சுக்குள் போன விஷப்புகை, பத்து ஆண்டு கழித்து, இன்று விடியற்காலையில் தன் வேலையை முடித்திருந்தது.

துணியை வெந்நீரில் முக்கிக் கணவனின் கழுத்தைத் துடைத்தாள். இந்த ஊரில் எத்தனை பெண்களுக்கு இது வாய்த்தது? பல வீடுகளுக்கு அரசாங்கக் கடிதம் மட்டும்தான் வந்தது. அவளுக்குக் கழுவ ஒரு உடல் இருக்கிறது, மூட இரண்டு கண்கள் இருந்தன. யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல், அவன் காதுமடலுக்குப் பின்னால் இன்னொரு முறை மெதுவாகத் துடைத்தாள்.

தம்பி தெயொதுல் கதவருகே வந்து நின்றான். வலது கையை முழங்கையோடு போரில் விட்டுவிட்டு வந்தவன்.

"அக்கா, நாளைக்குத் தூக்க ஆள் சேரல. நம்ம பக்கம் நிக்கறவங்கள்ல கொல்லன் இருக்காரு, அவருக்கு இடுப்பு நிக்காது. நான் இருக்கேன், முக்கால் ஆளு. பேசாம வண்டி கட்டிடலாம்."

"எந்த வண்டி?"

"சர்க்கரை ஆலைக்குப் பீட்ரூட் போற வண்டிதான். கழுவி, வைக்கோல் போட்டு, மேல கறுப்புத் துணிய விரிச்சா..."

"அவரு பீட்ரூட் இல்லடா."

தெயொதுல் வெந்நீர்க் கிண்ணத்தை இடது கையால் அவள் பக்கம் நகர்த்தினான்.

பிணங்களை விறகு மாதிரி வண்டியில் அடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவன் ஒதிலோன். கடைசி மாதத்தில் அவன் கேட்டது ஒன்றுதான்: "என்னை வண்டியில ஏத்திடாத, ஸெலி. மனுஷங்க தோள்ல போயிடறேன்." அவள் சரியென்று கையில் அடித்துக் கொடுத்திருந்தாள்.

ஊர் வழக்கப்படி பெட்டியின் தலைமாட்டைத் தொட வேண்டியவர் அடுத்த வீட்டுக்காரர். அவர் குனிந்தால்தான் மற்றவர்கள் தோள் கொடுப்பார்கள். அடுத்த வீட்டுக்காரர் அல்சித்.

ஒதிலோனும் அல்சித்தும் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள். சேர்ந்தே திரும்பி வந்தார்கள். ஊர் செங்கல் தூளாகக் கிடந்தது. எல்லைக்கல் இல்லை. எல்லையில் நின்ற பேரிமரம் இல்லை. நிலக்கணக்கு எரிந்துபோயிருந்தது. இரண்டு வயலுக்கும் நடுவே ஒரு வண்டி அகல நிலம் யாருடையது என்று சொல்ல ஆளில்லை.

அல்சித் ஒரு முளை அடித்தார். ஒதிலோன் பிடுங்கினான். அல்சித்தின் மைத்துனர் மாவுமில்காரர், ஒதிலோனின் கோதுமையை அரைக்க மறுத்தார். மில்காரரைப் பிடிக்காத கொல்லன், அல்சித்தின் குதிரைகளுக்கு லாடம் அடிக்க மாட்டேன் என்றார். மில்காரருக்காகச் சிலர், கொல்லனுக்காகச் சிலர் என்று ஊரே இரண்டாகிவிட்டது. அந்த நிலம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவரவர் பக்கத்துக்கு நிற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏழு வருஷமாக அதில் ஒட்டுமுள் மண்டிக் கிடக்கிறது. அல்சித்தின் வாசலை மிதிக்க மாட்டேன் என்று ஒதிலோன் அவளிடமும் சத்தியம் வாங்கியிருந்தான்.

போரைப் பற்றி யாராவது கேட்டால் அவனே சொல்வான்: "ஆஸ்திரியாக்காரன் செர்பியாக்காரனை அடிக்கப் போனான். செர்பியாவுக்கு ரஷ்யாக்காரன் துணை, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மன்காரன் துணை, ரஷ்யாவுக்கு பிரெஞ்சுக்காரங்க நாம துணை. எல்லாரும் யோக்கியனுங்க, குடுத்த வாக்கைக் காப்பாத்துனாங்க. அப்புறம் எவனாலயும் நிறுத்த முடியல. ஆலைங்க ராப்பகலா குண்டு வார்த்துக்கிட்டே இருந்துச்சு. வார்த்ததை எங்கயாவது போடணுமே, நம்ம வயல்ல போட்டானுங்க. நடுவுல ஒருத்தன், ஒரே ஒருத்தன் பொய்யனா இருந்திருந்தா, நம்ம பேரிமரம் பொழச்சிருக்கும்." சொல்லிவிட்டு இருமுவான். தன் வயலோரத்துச் சண்டையை அவன் அதோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை.

ஸெலி கத்தியை மடக்கி வைத்துவிட்டுச் சால்வையை எடுத்தாள்.

"எங்கக்கா?"

"அடுத்த வீட்டுக்கு."

"மாமாவுக்கு சத்தியம் பண்ணிருக்க."

"ரெண்டு பண்ணிருக்கேன்டா. ஒண்ணைத்தான் காப்பாத்த முடியும்."

முட்கள் பாவாடையைப் பிடித்து இழுத்தன. வயலோரத்தில் ஏர்முனை கிளப்பிய வெடிக்காத பழைய குண்டுகள், அள்ளிப்போக வரும் பட்டாளத்து வண்டிக்காகத் துருவேறிக் காத்திருந்தன.

கதவைத் திறந்த அல்சித் கறுப்புக் கோட்டு போட்டிருந்தார். காலில் மட்டும் வீட்டு மரச்செருப்பு. காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றியது.

"அண்ணே," என்றாள். அந்தச் சொல் வாயில் புதிதாக இருந்தது. "தூக்க ஆளில்ல."

அடுப்பில் ஒரு விறகு சரிந்தது.

"அவன் வாசலை மிதிக்க மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னவன் நான். என் பேச்சை நம்பி அத்தனை பேர் நிக்கிறாங்க, ஸெலி."

"நானும்தான் சொன்னேன். இப்ப உங்க வாசல்ல நிக்கிறேன். அவரு சொல்வாரு, நடுவுல ஒருத்தன் பொய்யனா இருந்திருந்தா..."

"பேரிமரம் பொழச்சிருக்கும்," என்று முடித்தார் அல்சித். "அதை முதல்ல சொன்னது நான். குழிக்குள்ள, மழையில. திருட்டுப்பய, தன் பேர்லயா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான்?"

அவர் முகம் கோணியது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் காத்திருந்தாள், இருமல் அடங்கக் காத்திருப்பது போல.

"என் பூட்ஸ் எங்க?" என்றார் அல்சித், யாரையோ கேட்பது போல.

மறுநாள் அவர் குனிந்து பெட்டியின் தலைமாட்டைத் தொட்டார். கூட்டத்தின் கடைசியில் நின்ற மில்காரர் கொஞ்சம் யோசித்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். கொல்லன் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார்.

"கனமே இல்ல," என்றார் அல்சித். "இந்த உடம்பை வச்சுக்கிட்டா இவ்வளவு வம்பு பண்ணான்?"

யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். தேவாலயத்துக்குப் பாதை சுற்றிக்கொண்டு போகும். அல்சித் யாரையும் கேட்காமல் நேராக அந்த ஒரு வண்டி அகல நிலத்து முட்களுக்குள் இறங்கினார். பெட்டி அவர் பின்னால் போனது.

அடக்கம் முடிந்து எல்லாரும் வந்து சாராயம் கலந்த காபி குடித்துவிட்டுப் போனார்கள். தெயொதுல் ஒற்றைக் கையால் கோப்பைகளை அடுக்கினான். ஸெலி துடைப்பத்தை எடுத்தாள்.

மேசையில் மில்காரர் இருந்த பக்கமும் கொல்லன் இருந்த பக்கமும், ஒவ்வொரு நாற்காலிக்கும் கீழே, அவர்கள் கால்சட்டையிலிருந்து பிய்த்துப் போட்ட ஒட்டுமுட்கள் கிடந்தன. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் திரும்பவும் சாத்தி வைத்தாள்.