ஒரு மறுப்பு போதும்

வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, தேவமலர் டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில் இருந்து காரோட்டி எஸ்பியர்க் துறைமுகத்துக்கு வந்தாள். அங்கே போராட்டம் என்று ஒரு பழைய மீன் கிடங்கைப் பிடித்து வைத்துக்கொண்டு பதினான்கு இளசுகள் இருந்தார்கள். அதில் ஒருத்தி அவளுடைய ஒரே மகள் அபிதா. மறுநாள் காலை பொலிஸ் வரும். முன்பே ஒரு வழக்கில் எச்சரித்து விடப்பட்டவள் அபிதா. இன்னொரு தரம் பிடிபட்டால் சிறைதான்.

உலகத்தைத் திருத்த வந்தவர்களுக்குக் கோப்பை கழுவ நேரமில்லை. தேவமலர் போன கையோடு முப்பது கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"இண்டைக்கு வெளிக்கிடுறதோ இல்லையோ எண்டு முடிவெடுப்பினம்," என்றாள் அபிதா.

பின்னேரம் கூட்டம் கூடியது. இங்கே தலைவர் கிடையாது. சம்மதம் என்றால் இரு கைகளையும் தூக்கி விரல்களை ஆட்டவேண்டும். ஒரே ஒருவர் நெஞ்சில் கையைக் கட்டினாலும் தீர்மானம் செத்தது. விருந்தாளிக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் ஒருவருக்கு ஒரு தரம்தான். இதையெல்லாம் தேவமலருக்கு யாரும் சொல்லவில்லை. அவளுடைய தொழிற்சாலை டேனிஷ் மொழி பெட்டி, கத்தி, ஓவர்டைம் தாண்டிப் போகாது.

"போவம் எண்டு கேக்கினம்," என்று அபிதா காதுக்குள் சொன்னாள். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. தேவமலருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஞாயிறு பாடசாலையில் பழகியபடி நெஞ்சில் கையைக் கட்டி, கண்ணை மூடி, 'ஆண்டவரே, இதை நடத்தித் தாரும்' என்று உருகினாள்.

கண் திறந்தபோது எல்லோரும் எழும்பி மேசைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டை வந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிரிகிற துக்கமாக்கும் என்று இவளும் முதுகைத் தடவிவிட்டாள்.

"முடிஞ்சுதோ பிள்ளை?"

"ஓம் அம்மா. நீங்கள் போங்கோ. நான் நாளைக்கு வாறன்."

வழி முழுக்க ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனாள். மறுநாள் இடியப்பம் அவித்து வைத்துப் பார்த்திருந்தாள். அபிதா வரவில்லை.

மூன்றாம் கிழமை, சிறையில் பார்க்க விட்டார்கள்.

"அவையள் போகத்தான் இருந்தவை," என்றாள் அபிதா. "நீங்கள் கை கட்டினபடியால்தான் கதவை அடைச்சு இருந்தனாங்கள். கை கட்டினா மறுப்பு."

தேவமலர் கதிரையை விட்டு எழும்பினாள். "ஐயோ, நான் செபிச்சனான் பிள்ளை! நீ சொல்லியிருக்கலாமே!"

"செபிக்கிறீங்கள் எண்டு தெரியும். எனக்குப் போக மனமில்லை; ஆனா என்ரை மறுப்பை நான் அதுக்கு முதல் கிழமையே பாவிச்சிட்டன், அம்மா."