லொரெதானாவின் உருட்டுக்கட்டை

ஏப்ரனின் நாடாவை என் முதுகுக்குப் பின்னால் இழுத்து இரட்டை முடிச்சுப் போட்டது லொரெதானாதான். மூச்சு முட்டியது.

"கொஞ்சம் லூசா விடுங்க அத்தை."

"லூசா விட்டா மாவுல போய் விழும்மா. இறுக்கமா இருந்தாத்தான் வேலை ஓடும்" என்று முதுகில் தட்டினார்.

தட்டியதில் பாசம் இருந்தது. சிக்கலே அதில்தான். கரித்துக் கொட்டுகிற மாமியார் என்றால் சமாளித்துவிடுவேன். துறைமுகத்தில் வேலை பார்ப்பவள் நான், திட்டு வாங்கவும் தெரியும், வட்டியோடு திருப்பிக் கொடுக்கவும் தெரியும். பாசத்தோடு நெருக்குகிறவர்களை என்ன செய்வது என்றுதான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தெற்கே பாரித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன். உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அங்கே உட்கார்ந்தால் கடல் மொத்தமும் என்னுடையதுதான். நான் கட்டிக்கொள்ளப்போகிற இவானோ தரை ஓடு விற்கிறவன். ஒருமுறை அவனுடைய சரக்கில் ஒரு ஓடுகூட விரிசல் விடாமல் இறங்கியிருக்கிறது. இறக்கியது யார் என்று கேட்டுக்கொண்டு வந்தவன், கிரேனுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தான். வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான் என்பதுதான் உண்மை. அந்த முகத்தில்தான் விழுந்தேன்.

இப்போது அவனுடைய ஊரைப் பார்க்க வடக்கே பொலோன்யா வந்திருந்தேன். ஞாயிறு சாயங்காலம் ரயில், திங்கள் காலை ஷிஃப்ட். வந்த இடத்தில் அவன் அம்மா லொரெதானா எனக்கு ஒரு பரிசு வைத்திருந்தார். ஊர் சுற்ற வருகிறவர்களுக்காக அவருடைய சிநேகிதி மரீசா தன் அடுப்படியில் நடத்தும் பாஸ்தா வகுப்பு. பரிசு என்றுதான் சொன்னார். ஆனால் துணியில் சுற்றிய ஏதோ ஒன்றை, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு கூடவே வந்தார்.

எங்களைத் தவிர ஒரு டச்சு ஜோடி இருந்தது. வௌட்டர் என்று ஒரு நெட்டை மனிதன், அவன் மனைவி மரெய்க்கா. வௌட்டர் ஆரம்பிப்பதற்கு முன்பே புருவம் வரை மாவாக நின்றான். இவானோ மட்டும் ஏப்ரன் கட்டவில்லை. புதுக் கோட்டு. சுவரோரம் ஸ்டூலைப் போட்டு, வைன் கிளாஸோடு உட்கார்ந்துவிட்டான்.

"நீ பண்ணலையா?" என்று கேட்டேன்.

"நான் திங்கற டிபார்ட்மெண்ட்" என்றான். லொரெதானா விழுந்து விழுந்து சிரித்தார். சொன்னால் வெட்கம், நானும் சிரித்தேன்.

மரீசா கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கொக்கியையும் போட்டார். "காத்து பட்டா விரிச்ச மாவு காஞ்சு வெடிச்சுடும். முடியற வரைக்கும் யாரும் எதையும் திறக்கக் கூடாது. ஆத்திர அவசரம்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே எலும்புச் சாறு கொதிக்கிற ஆவி. ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், தூரத்துக் குன்றின் மேல் சான் லூக்கா கோயில் தெரிந்தது. இந்த ஊரில் கணக்கே அதை வைத்துத்தான். மாவை விரித்து ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் அதன் வழியாகச் சான் லூக்கா தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது மாவு விரிப்பு இல்லை, போர்வை.

மாவைக் குவித்து, நடுவில் குழி பறித்து, முட்டைகளை உடைத்து ஊற்றிப் பிசைய ஆரம்பித்தோம். என் மாவு வறட்டி மாதிரி இருந்தது. யோசிக்கவே இல்லை. கை தானாகக் குழாய்க்குப் போய் நனைத்துக்கொண்டு வந்துவிட்டது.

மரீசா அலறினார். "தண்ணியா! ஐயையோ, முட்டை மாவுல தண்ணியா! லொரெதானா, உன் மருமகளைப் பாருடி!"

"தெற்கத்திக்காரி இல்லையா" என்றார் லொரெதானா. "அங்க முட்டையே இல்லாமத்தான் பிசைவாங்க. கோழியெல்லாம் லீவுல இருக்கும் போல."

"எங்க ஊர்ல முட்டையை முட்டையாவே திங்கறோம் அத்தை" என்றேன்.

"வாயைப் பாரு! இந்த வாய்க்காகவே இவளை எனக்குப் புடிக்கும்." என் கன்னத்தை மாவுக் கையாலேயே கிள்ளினார். பிறகு மரீசா பக்கம் திரும்பி, வெகு சாதாரணமாகச் சொன்னார். "கத்துக்குடுத்துட்டாப் போச்சு. செப்டம்பர்லேர்ந்து எங்க மாடி போர்ஷன்லதானே இருக்கப்போறா. ஞாயித்துக்கிழமையானா கீழ எறங்கி வந்தாப் போதும். பெயிண்ட்கூட அடிச்சாச்சு. அந்தக் கிரேன் வேலையத்தான் விட்டுட்டாளே, இனிமே என்ன?"

என் விரல்கள் மாவுக்குள்ளேயே நின்றுவிட்டன.

வேலையை விட்டேனா? யார், நானா?

இவானோவைப் பார்த்தேன். அவன் வைன் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் நிறம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவானோ, கொஞ்சம் இங்க வா."

"கையெல்லாம் மாவு உனக்கு. முடிச்சிட்டு வா, வீட்டுல பேசிக்கலாம்."

எந்த வீட்டில்? பாரியில் என் வீட்டிலா, பெயிண்ட் அடித்து வைத்திருக்கிற மாடியிலா? வெளியே இழுத்துப் போய்க் கேட்கலாம் என்றால் கதவு சாத்தியிருக்கிறது. ஏப்ரனை உருவிப் போடலாம் என்றால் முடிச்சு எட்டவில்லை. எட்டினாலும் பசை மாதிரி மாவு ஒட்டிய விரலால் எதை அவிழ்க்கிறது? என் கிரேன் கூண்டு இந்த மேஜையை விடச் சின்னது. அதில் நாள் முழுக்க உட்கார்ந்தும் எனக்கு ஒருநாளும் இப்படி நெஞ்சு அடைத்ததில்லை. பயமாக இருந்தது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது.

வேண்டுமென்றே சொதப்பிவிடலாமா என்று பார்த்தேன். இவள் வேண்டாம் என்று அவர்களே சொல்லட்டும். ஆனால் அதைத்தான் தண்ணீரைத் தொட்டபோதே செய்தாகிவிட்டதே. சொதப்பினால் கற்றுத் தருவார்கள், ஞாயிற்றுக்கிழமைதோறும், சாகிற வரைக்கும். சரியாகச் செய்தால்? அதுவும் சீக்கிரமே தெரிந்தது.

உருட்ட ஆரம்பித்த பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை. சரக்குப் பெட்டியைத் தரையில் வைக்கும்போது கடைசி ஒரு சாண் இருக்கிறதே, அங்கே கொடுக்கிற அதே மெதுவான அழுத்தம் தானாக வந்தது. மாவு விரிந்தது. மேஜையை மூடி, விளிம்பைத் தாண்டித் தொங்கியது. பக்கத்தில் வௌட்டர் தன்னுடையதைக் கிழித்து, ஒட்டி, மறுபடியும் கிழித்து, அதற்கும் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

மரீசா என் விரிப்பைக் கட்டையில் சுற்றித் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தார். மஞ்சள் விரிப்புக்குப் பின்னால், குன்றின் மேல், மங்கலாகச் சான் லூக்கா தெரிந்தது.

"தெரியுது!" என்று கத்தினார் மரீசா. "தண்ணி தொட்ட கைடி இது!"

மரெய்க்கா கை தட்டினாள். லொரெதானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டு வந்த துணியை மெல்லப் பிரித்தார். உள்ளே ஒரு உருட்டுக்கட்டை. என் கையைவிட நீளம், தேய்ந்து தேய்ந்து தேன் நிறமாகியிருந்தது.

"எங்க மாமியார் எனக்குக் குடுத்தது. வீட்டை இனிமே நீ நடத்துன்னு அர்த்தம். இன்னிக்குக் குடுக்கறதா வேணாமான்னு யோசிச்சுட்டே வந்தேன். வாங்கிக்கம்மா."

மரெய்க்கா போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். எல்லாரும் சிரித்த முகத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவானோவும்தான். அவன் கண் மட்டும் கெஞ்சியது. வாங்கிடு, இப்ப வாங்கிடு, அப்புறம் பார்த்துக்கலாம்.

வாங்கினால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். கையை நீட்டிவிட்டேன்கூட. கட்டையின் நுனி விரலில் பட்டது.

"அத்தை, நான் வேலையை விடல."

சிரிப்பெல்லாம் நின்றது.

"விடற எண்ணமும் இல்ல. நாளைக்கு எனக்கு ஷிஃப்ட். மாடி போர்ஷனைப் பத்தி எனக்கு இப்பதான் தெரியும்."

மரெய்க்கா போனை மெதுவாகக் கீழே வைத்தாள். லொரெதானா மகனைப் பார்த்தார். "நீதானேடா சொன்ன, விட்டுட்டான்னு?"

"கல்யாணத்துக்குள்ள விட்டுடுவான்னு நெனச்சேம்மா."

"அவளைக் கேட்டியா?"

"கேட்டா மாட்டேம்பா. அதான் கேக்கல."

இதை அவன் ஒளிக்காமல் சொன்னான். தப்பு என்றே தோன்றவில்லை அவனுக்கு. அண்ணாந்து பார்த்த அந்த முகத்தைத் தேடினேன். என்னை எப்படிக் கீழே இறக்குவது என்றுதான் அன்றும் பார்த்திருப்பானோ?

லொரெதானா கட்டையை என் பக்கத்திலிருந்து எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"அப்ப இந்தா, நீ புடி. இவகூட பாரிக்குப் போ. ஓடு எங்க இருந்து வித்தாலும் ஓடுதான். ஞாயித்துக்கிழமை நீ மாவு உருட்டிப் போடு, அவ வேலைக்குப் போயிட்டு வந்து சாப்பிடட்டும்."

வௌட்டருக்கு மொழி புரிந்ததோ இல்லையோ, உற்சாகமாகத் தலையாட்டினான்.

இவானோ எழுந்தான். வாங்கிவிடுடா என்று மனசுக்குள் கத்தினேன். வாங்கியிருந்தால் எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன், அந்தப் பொய்யையும் சேர்த்து. லொரெதானாவின் மாவுக் கை பட்டு, கட்டை முழுக்க மாவு அப்பியிருந்தது. அவன் அரை அடி பின்னால் நகர்ந்தான்.

"அம்மா, பாத்து. கோட்டுல படுது."

லொரெதானா கட்டையை மேஜையில் வைத்துவிட்டு என் முதுகுக்குப் பின்னால் வந்தார். மாவும் ஈரமும் பட்டு முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிளறிப் பார்த்தார், முடியவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தார். வயிற்றைப் பிடித்திருந்தது விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரயில் எத்தனை மணிக்கு?" என்று காதோரம் கேட்டார்.

"ஆறு மணிக்கு."

"அப்ப சாப்பிட்டுட்டே போகலாம். மரீசா, அந்த ஜன்னலைத் தொற. இவளுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்."

"தொறந்தா விரிப்பெல்லாம் காஞ்சு போயிடும்டி!"

"காயட்டும்" என்றார் லொரெதானா.