கொஞ்சம் வலி, கொஞ்சம் தாகம்

அவளுடைய அப்பாவை எல்லோரும் ரயில்வண்டி என்றுதான் கூப்பிடுவார்கள். லாரி ஓட்டியவருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், அவரிடம் ஒரு தடவை வழி கேட்டுப் பாருங்கள் என்பார்கள். கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதற்கு, அந்தக் கடையை யார் கட்டினார், கட்டியவர் மாமனாரோடு ஏன் பேச்சை நிறுத்தினார் என்பதிலிருந்து தொடங்குவார். பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும். கடைசியில் எதை வாங்கக் கடைக்குப் போனோம் என்பது அவருக்கே மறந்திருக்கும்.

அப்படிப்பட்டவருக்குப் பிறந்த மகளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். அலுவலகக் கூட்டங்களில் பேசுவதைச் சுருக்கி ஒரு பக்கத்துக்குள் எழுதிக் கொடுப்பது. மத்தியானம் முழுக்க ஆளாளுக்குக் கத்தித் தீர்த்ததை நாலு வரியில் அடக்கிவிடுவாள். சம்மரி எழுதுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று மேனேஜரே சொல்வார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அப்பா வாயைத் திறந்தால், "ஷார்ட்டா சொல்லுங்கப்பா" என்பாள். கோபமாக இல்லை, செருப்பைக் கழற்றிக்கொண்டே சும்மா சொல்வதுதான். அவரும் "சரிடா" என்று சிரித்துவிட்டு இன்னொரு பெட்டியைக் கோத்துவிடுவார்.

வயிற்று வலி என்று அவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள், ஜஸ்ட் ஒரு மீட்டிங், முடித்துவிட்டு ஓடி வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். கூட்டத்தில் போனை அணைத்து வைத்தாள். அந்த நேரம் பார்த்து டாக்டர் வந்தார். டாக்டருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியின் வழக்கப்படி ஒரு மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரைத் தலையணை ஓரத்தில் வைத்துப் பேசினார்கள். பேசி முடித்ததும் அவசர ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அவர் அப்புறம் கண் விழிக்கவில்லை. மகள் வந்து சேர்ந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக அப்பா என்ன சொன்னார் என்று டாக்டரிடம் கேட்டாள். பாவம், நல்ல மனிதர். உங்கள் அப்பா நிறையப் பேசினார், வெகுநேரம் பேசினார் என்றார். என்ன பேசினார்? டாக்டர் கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டார். எ லிட்டில் பெய்ன். எ பிட் தர்ஸ்ட்டி. குடும்பத்துக்குத் தகவல் சொல்லச் சொன்னார். அவ்வளவுதான்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாளை வாங்கிப் பார்த்தாள். வலி எ லிட்டில், தாகம் எ பிட், காய்ச்சல் ஸ்லைட், ரத்தத்தில் கிருமி ட்ரேஸ். இந்த இங்கிலீஷ்காரனுக்குத்தான் கொஞ்சத்துக்கு எத்தனை வார்த்தைகள்! இத்தனை கொஞ்சமும் சேர்ந்து ஒரு முழு ஆளையே கொண்டுபோய்விட்டதே. சரி, வெகுநேரம் பேசினார் என்றால் மீதிப் பெட்டிகள் எங்கே? அவற்றைக் கேட்டுப் புரிந்துகொண்ட காது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது யாருடையது என்று ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது அந்த வேலையின் விதி என்று கைவிரித்துவிட்டார்கள்.

கடைசியில் அந்தக் காதுக்குரியவளே ஒரு நாள் அவளைப் போனில் கூப்பிட்டாள். வறண்ட குரலில், லாரிக்காரருடைய பெண்தானே என்று கேட்டாள். அன்று ஆஸ்பத்திரிக்காகப் பேசிய மொழிபெயர்ப்பாளர் தான்தான் என்றாள். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்றாள் மகள்.

"அவர்தாம்மா சொன்னார். அன்னைக்கும் சொன்னார், நான் குறிச்சு வச்சுக்கல. இப்ப தினமும் சொல்றார்."

பைத்தியம் என்று போனை வைத்திருக்கலாம். மகளோ போட்டது போட்டபடி கிளம்பிவிட்டாள்.

மொழிபெயர்ப்பாளரின் வீட்டில் துணி அலமாரியை ஒட்டி ஒரு சின்ன அறை. வெளியிலிருந்து சத்தம் வராமலிருக்க ஜன்னலில் போர்வை தொங்கியது. மின்விசிறியைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள். மேஜையில் கம்ப்யூட்டரும் ஒரு ஹெட்செட்டும். அழைப்பை எடுத்ததும், எதிர்முனையில் ஆள் பேசத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு அமைதி இருக்குமே, அதில் அவர் வந்துவிடுகிறார் என்றாள். முதலில் மூச்சு கேட்குமாம். பிறகு நம்பர். பிறகு, "இதையும் சொல்லிடும்மா" என்பாராம். பிரசவ வார்டிலிருந்து கூப்பிட்டாலும் வருகிறார், பல் டாக்டர் கூப்பிட்டாலும் வருகிறார். ஹெட்செட்டை மாற்றிப் பார்த்தாள். புதியதிலும் வந்துவிட்டார்.

அப்பா அன்றைக்கு என்னதான் பேசினார் என்று கேட்டாள் மகள். மொழிபெயர்ப்பாளர் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். ஏதோ மலைப்பாதை, மழை, பிரேக் பிடிக்காத லாரி, பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை என்று போய்க்கொண்டிருந்ததாம். டாக்டர் நடுநடுவே, இன் ஷார்ட், இன் ஷார்ட் என்று அவசரப்படுத்தினாராம்.

"நான்தாம்மா, ஐயா கொஞ்சம் சுருக்கமா சொல்லுங்கன்னேன். என் பொண்ணும் இதையேதான் சொல்லுவான்னு சிரிச்சார். அதோட நிறுத்திட்டார்."

மகளுக்குப் புரிந்துவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அவள்தான். அந்தக் கதையை அவர் எத்தனையோ தடவை அவளிடம் தொடங்கியிருக்கிறார். லாரி மலைப்பாதையின் பெரிய வளைவுக்கு வருவதற்குள் அவள் குளிக்கப் போய்விடுவாள்.

அப்போது கம்ப்யூட்டரில் ஒரு அழைப்பு வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஹெட்செட்டை எடுத்து அவள் தலையில் மாட்டிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூச்சு. மாடிப்படி ஏறி வந்து வாசலில் நிற்கும்போது அவருக்கு வாங்கும் அதே மூச்சு. அவளுடைய நம்பரை ஒவ்வொரு எண்ணாக நிறுத்திச் சொன்னார். அவள் ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ரொம்ப நீளமாப் போகுதோ?" என்றார் அப்பா.

"இல்லப்பா. முழுசா சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

தொண்டையைச் செருமிக்கொண்டார். கதை தொடங்குவதற்கு முன் எப்போதும் அப்படித்தான் செய்வார். அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லடா. கொஞ்சம் பயமா இருந்துச்சு. அவ்வளவுதான்."

அதற்குப் பிறகு யாரோ ஒரு நர்ஸ் ஹலோ, ஹலோ என்று கூப்பிடுவது கேட்டது. மொழிபெயர்ப்பாளர் அழைப்பைத் துண்டித்தாள். என்ன சொன்னார், என்ன சொன்னார் என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். ரயில்வண்டிக்குச் சுருக்கிப் பேசக் கடைசியில் வந்துவிட்டது. கற்றுக்கொடுத்தது யார் என்று மகளுக்குத் தெரியும்.

"உக்காருங்கக்கா, நேரமாகும்" என்றாள்.

மலைப்பாதையிலிருந்து தொடங்கினாள். அந்த லாரி யாருடையது, அதை ஏன் விற்க நினைத்தார்கள், அன்றைக்கு மழை எப்போது பிடித்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். வளைவு வந்தது. அங்கே நின்றுவிட்டாள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.